300க்குக் காசு கட்டி 94 வாங்கிய கதை

வியாபாரத்தில் முப்பது வருடம் நின்றவன் நான். துணியை விரலால் தடவிப் பார்த்தே அதில் பருத்தி எவ்வளவு, பொலியெஸ்டர் எவ்வளவு என்று ஓரளவுக்குச் சொல்லி விடுவேன். புறக்கோட்டையிலிருந்து வரும் கட்டில் இரண்டு கஜம் குறைந்தாலும் அன்றைக்கே டெலிபோன் எடுத்துக் கேட்பேன். அப்படிப்பட்ட நான், 300 மெகாபிட் இணையத்துக்கு ஐந்து மாதம் காசு கட்டிவிட்டு 94 மெகாபிட்டைப் பாவித்துக் கொண்டிருந்தேன். குறை கம்பனியிடம் இருக்கவில்லை. நானே ஆசைப்பட்டு வாங்கி வந்த ரவுட்டரிலும், நானே ஆணியடித்து இழுத்த கேபிளிலும் இருந்தது.

வெட்கத்தை விட்டு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைக்கு வந்த பைபர்

எங்கள் இடம் மாவனல்லை. கீழே புடவைக்கடை, மேலே வீடு. 2020 ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது மகள்தான் துணிகளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள். அது அப்படியே வளர்ந்து, இன்று எமது விற்பனையில் ஒரு நல்ல பங்கு டெலிபோன் வழியாகவே நடக்கிறது. பெருநாளைக்கு முந்திய வாரங்களில் பேஸ்புக்கில் நேரலை காட்டுகிறோம். கார்ட் மெஷின், சிசிடிவி கமரா, பிள்ளைகளின் வகுப்பு எல்லாமே இணையத்தில்தான் ஓடுகின்றன. நேரலை நடுவில் படம் நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடையின் பக்கத்துக்குப் போய் விடுகிறார்.

எனவே பைபர் இணைப்பு எடுத்தோம். கம்பனிக்காரர்கள் வந்து கடையின் மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார்கள். கீழே நல்ல வேகம். மேலே வீட்டில் சிக்னல் இல்லை. "நல்ல ரவுட்டர் ஒன்று போட்டால் சரி" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 1200 என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பெட்டியை 9,500 ரூபாவுக்கு வாங்கினேன். பழைய இணைப்புக் காலத்தில் இழுத்து வைத்த கேபிளிலேயே அதை மேலே இணைத்தேன். பின்னர் நேரலைக்காக 100 மெகாபிட் பெக்கேஜை 300க்கு உயர்த்தினேன். மாதச் சிட்டை இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல் கூடியது. வேகம் கூடவில்லை.

மூன்று தடவை கம்பனிக்கு அழைத்துச் சண்டை பிடித்தேன். கடைசியில் ஒரு டெக்னீசியன் தம்பி வந்தார். கடையில் ஆட்கள் இருக்கும்போதே அவரிடம் சத்தம் போட்டேன். "மாசா மாசம் காசு எடுக்கத் தெரியுது, சாமான் தரத் தெரியாதா?" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தன்னுடைய மடிக்கணினியைக் கேபிள் மூலம் கம்பனிப் பெட்டியில் நேரடியாகச் செருகி அளந்து காட்டினார். 297. பிறகு மேலே போய் என் ரவுட்டரில் செருகி அளந்தார். 94.

"ஹாஜியார், லைன்ல ஒரு குறையும் இல்ல. உங்கட ரவுட்டர்ட வாசல் நூறுதான். ஆயிரம் வந்தாலும் அதால நூறுக்கு மேல போகாது" என்றார்.

லொறியும் நாட்டாமியும்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. லொறியில் முன்னூறு மூட்டை வருகிறது. கடைக்குப் போகும் சந்துக்குள் லொறி நுழையாது. நாட்டாமிமார் கைவண்டியில் இழுத்துத்தான் கொண்டு வர வேண்டும். ஒரே ஒரு கைவண்டி இருந்தால், லொறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு வந்து சேர்வது அந்தக் கைவண்டி இழுக்கும் அளவுதான். மூட்டை வரவில்லை என்று பெரிய லொறி பிடிப்பதில் பயனில்லை. நான் செய்தது அதைத்தான்.

இணையமும் பல கை மாறியே எமது டெலிபோனுக்கு வருகிறது. தெருவிலிருந்து கண்ணாடி இழையில் ஒளியாக வருகிறது. கம்பனிப் பெட்டி அந்த ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அங்கிருந்து கேபிள், பிறகு ரவுட்டர், பிறகு காற்றில் வைபை, கடைசியாகக் கையிலுள்ள டெலிபோன். இவற்றில் எது மிகவும் ஒடுக்கமோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம்.

இன்னுமொரு விடயம். கம்பனிகள் வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில். கணினியில் பைல் இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதைக் குறைவென்று எண்ணிக் கம்பனியுடன் சண்டை பிடிக்க வேண்டாம். கிலோவையும் இறாத்தலையும் குழப்பிக் கொள்வது போன்றது அது.

பெட்டியிலுள்ள 1200 எங்கே போனது?

என்னை ஏமாற்றியது பெட்டியில் இருந்த அந்த எண். 1200 என்றால் 300ஐப் போல நான்கு மடங்கு என்று எண்ணினேன். கணக்கு அப்படியல்ல.

இக்காலத்து ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் வைபை தருகின்றன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். ஏசி1200 வகை ரவுட்டரில் முதலாவதுக்கு 300 மெகாபிட், இரண்டாவதுக்கு 867 மெகாபிட் என்று கணக்கு வைத்து, இரண்டையும் கூட்டி 1167 ஆக்கி, அதை 1200 என்று முழுமையாக்கி எழுதுகிறார்கள். ஒரு டெலிபோன் வழமையாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணையும். அதுவும் காற்றில் நடைமுறையில் கிடைப்பது அந்த எண்ணில் பாதியளவு என்று வைத்துக் கொள்ளலாம்.

இவையெல்லாம் ரவுட்டருக்கும் டெலிபோனுக்கும் இடையிலான கதை. இணையம் ரவுட்டருக்குள் நுழையும் போர்ட் வேறு. வான் போர்ட் என்று அதைச் சொல்வார்கள். மலிவு விலை ஏசி1200 ரவுட்டர்கள் பலவற்றில் இந்தப் போர்ட் 100 மெகாபிட் மட்டுமே. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 10/100 என்று போட்டிருந்தால் அதற்கு மேல் போகாது. 10/100/1000 என்றோ கிகாபிட் என்றோ போட்டிருந்தால்தான் ஆயிரம் வரை போகும். பெரிய எழுத்தைப் பார்த்து வாங்கியவன் நான். நீங்கள் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் இலகுவான அடையாளம் இருக்கிறது. எந்த நேரத்தில் அளந்தாலும் 93, 94, 95 என்று ஒரே இடத்திலேயே வேகம் நிற்கிறதா? அப்படியானால் இடையில் எங்கோ ஒரு 100 மெகாபிட் வாசல் இருக்கிறது என்று நினைத்துக் கொள்ளுங்கள். லைனில் பிழையிருந்தால் வேகம் கூடிக் குறைந்து ஆடும். இப்படி ஆணியடித்தது போல நிற்காது.

கேபிளும் காட்டிக் கொடுத்தது

அன்றே போய் கிகாபிட் போர்ட் உள்ள, வைபை 6 வகையைச் சேர்ந்த ஒரு ரவுட்டரை வாங்கி வந்து இணைத்தேன். அளந்தேன். மறுபடியும் 94.

டெக்னீசியன் தம்பிக்கு அழைத்தேன். இம்முறை சத்தம் போடவில்லை. "கேபிள்ட முனைய பாருங்க ஹாஜியார், எத்தன கம்பி போட்டிருக்கி?" என்று கேட்டார். கண்ணாடியை மாட்டிக் கொண்டு பார்த்தேன். நான்கு கம்பிதான் இருந்தது.

100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிக் கம்பி, அதாவது நான்கு கம்பி போதும். ஆயிரத்துக்கு நான்கு சோடியும், எட்டுக் கம்பியும் வேண்டும். ஒரு கம்பி முறிந்தாலோ, முனையில் சரியாக அழுத்தப்படாவிட்டாலோ இணைப்பு 100க்கு இறங்கி விடும். சில வேளை இணையவே மாட்டாது. கெட் 5ஈ அல்லது கெட் 6 என்று மேலுறையில் அச்சிட்ட கேபிளை வாங்குங்கள். 100 மீற்றர் வரை ஆயிரம் மெகாபிட்டை அது தாங்கும். எமது வீடுகளுக்கு அது தாராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பனிப் பெட்டிகள் சிலவற்றில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றுதான் ஆயிரம், மற்றவை நூறு. எது ஆயிரம் என்று டெக்னீசியனிடம் கேட்டு அதிலேயே ரவுட்டரை இணையுங்கள்.

கேபிளை மாற்றிய பிறகு மேல் வீட்டில் 280க்கு மேல் வந்தது. ஐந்து மாதச் சண்டை அத்துடன் முடிந்தது.

எங்கே வைப்பது?

எம்மவர் வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அலுமாரிக்குள், டெலிவிஷனுக்குப் பின்னால், இரும்புப் பெட்டகத்துக்குப் பக்கத்தில். வைபைக்குப் பகை இரும்பும் தண்ணீரும் கொங்கிரீட்டும். கம்பி கட்டிய கொங்கிரீட் தட்டைத் தாண்டி மேல் மாடிக்குப் போவதற்குள் சிக்னலின் பெரும் பகுதி போய் விடும். பெரிய நிலைக்கண்ணாடியும் மீன் தொட்டியும் கூடத் தடைதான். வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வைப்பதே சிறந்தது.

2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்துக் கடைகளின் வைபையும், மைக்ரோவேவ் அடுப்பும், புளூடூத்தும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டினால் களைத்து விடும். நேரலைக்கும் வகுப்புக்கும் பக்கத்திலிருந்து 5ஐப் பாவியுங்கள். தூரத்திலுள்ள கமராவுக்கும் கார்ட் மெஷினுக்கும் 2.4 போதும்.

மேல் மாடிக்கு வேகம் போகவில்லை என்றால் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சிறிய ரிப்பீட்டரை வாங்கச் சொல்வார்கள். மலிவுதான். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகி விடுகிறது. ஒரு கேபிளை மேலே இழுத்து அங்கொரு ரவுட்டரை வைப்பது ஒரு நாள் வேலை. பல வருடம் நிற்கும்.

இணைக்கும் முறை

கம்பனிப் பெட்டியே ஒரு ரவுட்டர்தான் என்பதைப் பலர் அறிவதில்லை. சிறிய வீடு, ஒரே மாடி, 100 மெகாபிட் பெக்கேஜ் என்றால் வேறு ரவுட்டரே தேவைப்படாமல் இருக்கலாம். காசு செலவழிக்கும் முன்னர் முதலில் அந்தப் பெட்டியை நல்ல இடத்துக்கு மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ரவுட்டரை வைப்பதானால் அதன் அமைப்பில் "அக்செஸ் பொயின்ட்" என்ற தெரிவைப் போடுவது கடைக்காரர்களுக்கு உகந்தது. அப்போது கீழேயும் மேலேயும் இருக்கும் எல்லாம் ஒரே வலையமைப்பில் வரும். மேலிருந்து கீழேயுள்ள பிரின்டரில் பில் அடிக்கலாம், கமராப் பதிவையும் பார்க்கலாம். அப்படிச் செய்யாமல் சாதாரண ரவுட்டராகவே இணைத்தால் இணையம் வேலை செய்யும். ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவே மதில் கட்டியது போல, கீழேயுள்ள கருவி மேலேயுள்ளதைக் காணாது. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் மோதிக் கொள்ளவும் இடமுண்டு. அப்போது உங்கள் ரவுட்டரின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் சரி.

கம்பனிப் பெட்டிக்குள் போகும் மெல்லிய பைபர் கயிற்றை மட்டும் தொட வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி. அதிகம் மடித்தால் ஒளி கசியும், முறியவும் கூடும். கழற்றி முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது ஆபத்து. உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் "லொஸ்" என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. கம்பனிக்கு அழைப்பதுதான் வழி.

கடைக்குப் பூட்டு, ரவுட்டருக்கு?

இரவில் கடைக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். ரவுட்டரை வாங்கியபடியே, தொழிற்சாலை கொடுத்த கடவுச்சொல்லுடன் விட்டு விடுகிறோம். 2016 ஆம் ஆண்டில் மிராய் என்ற கணினிப் புழு இப்படி மாற்றப்படாத கடவுச்சொல்லுடன் இருந்த கமராக்கள், கமராப் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றுக்குள் இலட்சக்கணக்கில் நுழைந்தது. அவ்வருடம் ஒக்டோபரில் அவற்றைக் கொண்டே தாக்கி, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை மணித்தியாலக் கணக்கில் முடக்கினார்கள். கமராக்களின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது நான்கு. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இல் வையுங்கள். ஒரு பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். வாடிக்கையாளருக்கு வைபை கொடுப்பதென்றால் "கெஸ்ட்" என்ற தனி இணைப்பைக் கொடுங்கள். கார்ட் மெஷினும் கமராவும் உள்ள இணைப்பின் கடவுச்சொல்லைக் கல்லாவில் ஒட்டி வைக்க வேண்டாம்.

கரண்ட் போனால்

பழைய செப்புக் கம்பி டெலிபோனுக்கு மின்சாரம் டெலிபோன் நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். பைபரில் அப்படியில்லை. கண்ணாடியில் மின்சாரம் வராது. கம்பனிப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் போனால் இணையமும் போகும், அதில் ஓடும் டெலிபோனும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ரவுட்டர்களுக்கென்றே சிறிய யூபிஎஸ் விற்கிறார்கள். பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆனாலும் வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் பார்த்து ஒப்பிடுங்கள். பெட்டி இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். இடி மின்னல் வந்தால் பிளக்கைக் கழற்றி விடுங்கள். மின்கம்பி வழியே வரும் அடியைக் கண்ணாடி இழை தடுக்காது.

எவ்வளவு போதும்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தெளிவான ஒரு எச்டி காணொளிக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். 4கே காணொளிக்கு 15 முதல் 25 வரை. வட்ஸ்அப் ஓடருக்கும் கார்ட் மெஷினுக்கும் மிகச் சிறிதளவே வேண்டும். ஐந்தாறு பேருள்ள வீட்டுக்கும் கீழேயுள்ள கடைக்கும் 100 மெகாபிட் பெரும்பாலும் தாராளம். நேரலை காட்டுவோரும் கமராவை வெளியிலிருந்து பார்ப்போரும் இறங்கும் வேகத்தை விட ஏறும் வேகத்தையே கேட்டறிய வேண்டும். பெக்கேஜின் மாதாந்த டேட்டா அளவையும் பாருங்கள். வேகம் கூடினால் அந்த அளவும் வேகமாகவே முடியும்.

ரவுட்டரை வாங்கும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கட்டும்.

சொல்லாமல் விட முடியாதது

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். அந்த 1200 ரவுட்டரை நான் மட்டும் வாங்கவில்லை. "நல்ல சாமான், எடுங்க" என்று எங்கள் வீதியில் மூன்று கடைக்காரருக்குச் சொல்லி வாங்க வைத்தேன். நான் சொன்னேன் என்பதற்காகவே அவர்கள் வாங்கினார்கள். குறை தெரிந்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. விற்கும் சாமானின் குறையை மறைக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாங்கச் சொன்ன சாமானுக்கும் அது பொருந்தும் அல்லவா?

மூவரிடமும் போனேன். இருவருக்கு 100 மெகாபிட் பெக்கேஜ். அவர்களுக்கு அந்த ரவுட்டர் போதும், மாற்றத் தேவையில்லை என்றேன். மூன்றாமவர் என்னைப் பார்த்துத்தான் 300க்கு ஏறியிருந்தார். அவர் வீட்டில் பாவிக்கும் அளவைப் பார்த்தபோது 300 தேவையே இல்லை. புது ரவுட்டர் வாங்க வேண்டாம், பழைய பெக்கேஜுக்கே இறங்குங்கள் என்றேன். சிறிது நேரம் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். "நாநா, நீங்க வந்து சொல்லாட்டி நான் வருஷக் கணக்கா கட்டிட்டு ஈப்பேன்" என்றார். கோபித்துக் கொள்ளவில்லை. ஆனால் அடுத்த தடவை நான் ஒன்றைச் சிபாரிசு செய்தால் இரண்டு தடவை யோசிப்பார். அது நியாயம்தான்.

டெக்னீசியன் தம்பியிடம், நான் சத்தம் போட்ட அதே கடைக்குள், அதே ஊழியர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஹாஜியார், எல்லாரும் முதல்ல எங்களத்தான் ஏசுவாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த மாதச் சிட்டை வருவதற்கு முன் ஒரு மடிக்கணினியைக் கேபிளில் கம்பனிப் பெட்டியில் நேரே செருகி அளந்து பாருங்கள். பிறகு ரவுட்டரில் செருகி அளந்து பாருங்கள். கடைசியாக வைபையில் அளந்து பாருங்கள். மூன்று எண்ணையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். எந்த இடத்தில் எண் விழுகிறதோ அங்கேதான் உங்கள் காசும் விழுகிறது. துணியை அளந்து வாங்கும் நாம் இதையும் அளந்தே வாங்குவோம்.